பெரிய கூரை, சின்னக் கூரை

மார்ச் 9

தம்பிக்கு,

போன் பண்ணாம எதுக்குக் கடிதம்னு நினைப்பே. போன்ல நீ "அக்கா"ன்னு இழுத்துப் பேச ஆரம்பிச்சா என் கோபம் பாதியிலேயே கரைஞ்சுடும். இந்தத் தடவை அது கரையக் கூடாது. அதான் உட்கார்ந்து எழுதறேன்.

நேத்து காலையில கண் டாக்டர் வீட்டு மொட்டை மாடியில இருந்தோம். டேப்போட ஒரு முனை என் கையில, இன்னொரு முனை என்கிட்ட வேலை பார்க்கற நெட்டை கையில. சோலார் பேனல் எத்தனை வரும்னு அளந்துக்கிட்டு இருக்கோம். டாக்டர் போனைப் பார்த்துக்கிட்டே மேல வந்தார். "கொஞ்சம் நிறுத்துங்கம்மா. பெரிய வீட்டுக்கு சோலார் மானியத்தைப் பாதியாக் குறைச்சுட்டாங்களாமே" என்றார்.

நான் சிரிச்சேன். "வதந்தியா இருக்கும் சார். என் தம்பி அந்தத் துறையிலதான் இருக்கான். அப்படி ஏதாவது இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா" என்றேன்.

அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அரசாங்க அறிவிப்பு, முத்திரையோட. "தம்பி சொல்லலையாம்மா?" என்று கேட்டார். கிண்டலா இல்லை, நிஜமாவே கேட்டார். அதுதான் தாங்கலை. நெட்டை டேப்பைச் சுருட்ட ஆரம்பிச்சுட்டான். சாயங்காலத்துக்குள்ள, வீட்டுக்குப் போட ஆர்டர் குடுத்திருந்த பேக்கரிக்காரர் வேண்டாம்னுட்டார். கல்யாண மண்டபத்துக்காரரும் அப்புறம் பார்க்கலாம்னுட்டார்.

போன ஞாயித்துக்கிழமை நீ எங்க வீட்டுலதான் இருந்தே. சோபா மேல பேனல் பெட்டி, வாசல் நடையில பேனல் பெட்டி. நீ ஒரு பெட்டியை நகர்த்திட்டு, இன்னொண்ணுல சாஞ்சுக்கிட்டு, தரையில உட்கார்ந்து சாப்பிட்டே. "இவ்வளவும் ஆர்டர் வந்ததாக்கா?"ன்னு கேட்டே. "இந்த வருஷம் பூரா பெரிய வீடுதான்டா"ன்னு நான் பெருமையா சொன்னேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே. சாப்பாடு பிடிச்சுப்போச்சுன்னு நினைச்சு இன்னொரு கரண்டி போட்டேன். எவ்வளவு ஏமாளி நான்.

உன் மாமா என்ன சொன்னார் தெரியுமா? "அவன் வேலை அது." அவ்வளவுதான். சொல்லிட்டு இன்வெர்ட்டரைத் துடைக்கப் போயிட்டார். அவருக்கு யார் மேலயும் கோபம் வராது. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கு.

கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதே. உன் மருமக கேட்டா, மாமாவுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தின்னு சொல்லிக்கறேன்.

அக்கா

* * *

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படிக்க வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். நீ எழுதியதில் எதையும் மறுக்க மாட்டேன். எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரும்போதே தெரியும். வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வருகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன், வராவிட்டால் நீ காரணம் கேட்பாய். அந்தப் பெட்டிகளைப் பார்த்ததும் ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது.

மானியத்தை மாற்றும் இந்த வேலை தொடங்கியபோது எங்கள் துறை இயக்குநர் அம்மா எங்கள் சிலரை மட்டும் அழைத்து, "இது இந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். வீட்டில்கூடப் பேசக் கூடாது" என்றார். நான் அப்போதே எழுந்து, என் அக்கா பேனல் பொருத்தும் தொழிலில் இருக்கிறாள் என்று சொன்னேன். என்னை வெளியே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. "அப்படியானால் மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். அவ்வளவுதான்.

குறைத்ததற்குக் காரணம் கேட்க உனக்கு இப்போது பொறுமை இருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். இதுவரை எல்லா வீட்டுக்கும் ஒரே விகிதம். பெரிய கூரை, பெரிய மானியம். விவரம் தெரிந்தவர்கள், கையில் பணம் உள்ளவர்கள் முதலில் வந்து வாங்கிப் போய்விடுவார்கள். சின்ன வீட்டுக்காரர்கள் கேள்விப்பட்டு, காகிதங்களைச் சேர்த்துக்கொண்டு வருவதற்குள் நிதி தீர்ந்துவிடும். "இவ்வாண்டுக்கான நிதி முடிவுற்றது" என்று அவர்களுக்குப் பதில் அனுப்புவது என் வேலை. என் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும் அளவுக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது பெரிய கூரைக்குப் பாதி, சின்னக் கூரைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று மாற்றியிருக்கிறோம். உன் கண் டாக்டர் மானியம் இல்லாவிட்டாலும் பேனல் போடக் கூடியவர்தான்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது அக்கா. அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு என்னால்தான் சாப்பிட முடியவில்லை.

தம்பி

* * *

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நியாயம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நியாயத்தை வச்சு ஆளுக்குச் சம்பளம் குடுக்க முடியலை. நெட்டை வேற கம்பெனிக்குப் போயிட்டான். போகும்போது கண் கலங்கினான். நான்தான் போடான்னு அனுப்பி வச்சேன். இப்ப ஏணியை ஒரு பக்கம் நானும் இன்னொரு பக்கம் உன் மாமாவும் பிடிக்கிறோம், ஆனா ஏறறதுக்குத்தான் கூரை இல்லை.

இது சமாதானக் கடிதம் இல்லை. ஒரு விஷயம் கேட்கணும், அதுக்காக எழுதறேன்.

பக்கத்துத் தெருவுல ஒரு தையல்காரம்மா இருக்காங்க. ரேடியோவுல கேட்டுட்டு அவங்களே என்னைத் தேடி வந்தாங்க. "சின்ன வீட்டுக்கு ரெண்டு மடங்காமேம்மா, எங்களுக்குப் போட்டுத் தருவீங்களா?" நான் போய்ப் பார்த்தேன். ரெண்டே அறை, தகரக் கூரை. முன் அறையில மெஷினும் இஸ்திரிப் பெட்டியும். உள் அறையில அவங்க வீட்டுக்காரர் படுத்திருக்கார். பெயிண்டர். போன வருஷம் சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. அந்தம்மாதான் தைச்சுக் குடும்பத்தை ஓட்டறாங்க. பாதி வருமானம் கரண்ட் பில்லுக்கே போகுதாம்.

கூரையை அளந்தேன். நாலு பேனல் தாராளமா வரும். என் ஹால்ல சும்மா கிடக்கறதுல இருந்தே எடுத்துக்கலாம். எல்லாம் பேசி முடிச்ச பிறகு அவங்க கேட்டாங்க, "மானியம் போக மீதியை நான் குடுத்தாப் போதும், இல்லையா?"

இல்லைன்னு நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. முழுப் பணத்தையும் முதல்ல கட்டணும், பேனல் போடணும், இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கணும், அதுக்கு அப்புறம்தான் மானியம் உங்க கணக்குக்கு வரும்னு சொன்னேன்.

"முழுப் பணம் இருந்தா நான் எதுக்கும்மா மானியம் தேடி வரேன்?" அவங்க கோபப்படலை. சிரிச்சுட்டு விட்ட இடத்துல இருந்து தைக்க ஆரம்பிச்சுட்டாங்க.

மாடியில பந்தி போட்டுட்டுப் படிக்கட்டை எடுத்துட்டீங்களேடா. பெரிய வீட்டுக்குக் குறைச்சதுல எனக்கு நஷ்டம், சரி. அது இவங்களுக்காவது போய்ச் சேர வேண்டாமா? இதுக்குப் பதில் சொல்லு.

அக்கா

* * *

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இதை நாங்கள் யோசிக்காமல் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு மானியத்தை முன்கூட்டியே கொடுத்தோம். பொருத்த வந்தவர்கள் சிலர் கம்பியை மட்டும் இழுத்துவிட்டுக் காணாமல் போனார்கள். கூரையில் ஓட்டை போட்டதோடு நின்ற வீடுகளை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பயந்துதான் வேலை முடிந்து, சோதித்த பிறகு பணம் என்று வைத்தோம். அந்தப் பயமும் நியாயம், தையல்காரம்மா சொன்னதும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். மே மாதம் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறது. நீ வந்து இதே மாதிரி சொல். அந்தப் பந்தியையும் படிக்கட்டையும் விட்டுவிடாதே.

நான் அங்கே இருக்க மாட்டேன். காரணம் இதுதான். அறிவிப்பு வருவதற்கு முந்தைய சில நாட்களில் ஒரு கம்பெனி மட்டும் பெரிய வீட்டு விண்ணப்பங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. பழைய விகிதத்திலேயே எல்லாம் பதிவாகிவிட்டன. அதன் முதலாளி எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு மைத்துனர். விசாரணை தொடங்கியிருக்கிறது. இந்தத் தொழிலில் உறவினர் உள்ள எல்லோரையும் விசாரிக்கிறார்கள். அதில் நானும் ஒருவன்.

மானியக் கோப்பு எதையும் நான் இப்போது தொடக் கூடாது. பின்பக்க அறையில் தெருவிளக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விசாரணை முடியும்வரை உன்னைச் சந்திக்கவோ போனில் பேசவோ கூடாது என்று உத்தரவு. கடிதம் எழுதலாம், ஆனால் நகல் கொடுக்க வேண்டும். நீ வராதே என்றாய், இப்போது அவர்களும் போகாதே என்கிறார்கள்.

உன் வீட்டுக்கும் வருவார்கள். கேட்டதற்கு உள்ளதை அப்படியே சொல். எனக்காக எதையும் குறைத்தோ கூட்டியோ சொல்லாதே.

மாமாவுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

தம்பி

* * *

மே 11

அருமைத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தோட நகலைப் படிக்கப் போற அதிகாரிகளுக்கும் என் வணக்கம். எழுத்து கிறுக்கலா இருக்கும், பொறுத்துக்குங்க.

வந்தாங்கடா. ஒரு அம்மா, ஒரு ஐயா. கதவைத் திறந்ததும் அவங்களுக்கு உள்ளே நுழைய வழி இல்லை. பக்கவாட்டுல திரும்பித்தான் ஹாலுக்குள்ள வர முடிஞ்சுது. உன் மாமா ரெண்டு பெட்டியைச் சமையலறைக்குத் தள்ளி அவங்களுக்கு நாற்காலி போட்டார்.

அந்த அம்மா சுத்திப் பார்த்துட்டு, "இதெல்லாம் எப்ப வாங்கினது?"ன்னு கேட்டாங்க.

"அறிவிப்பு வர்றதுக்கு முந்தின வாரம்."

"அந்த வாரத்துல போய் ஏன் இவ்வளவு வாங்கினீங்க?"

"விவரம் தெரியாமத்தான்."

"உங்க தம்பி சொல்லலையா?"

கண் டாக்டர் கேட்ட அதே கேள்வி. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ தெரியலை, ரெண்டு மாசமா உள்ளே அடக்கி வச்சிருந்தது எல்லாம் கொட்டிடுச்சு. "கூடப் பிறந்தவன்மா. இதோ இந்தப் பெட்டியிலதான் சாஞ்சு உட்கார்ந்து சாப்பிட்டான். இன்னொரு கரண்டி போட்டேன், சாப்பிட மட்டும் வாயைத் திறந்தான். கல்லு. சின்ன வயசுலயும் அப்படித்தான், பக்கத்து வீட்டு ஜன்னலை யார் உடைச்சாங்கன்னு கேட்டா உதைச்சாலும் சொல்ல மாட்டான்"னு ஆரம்பிச்சு, உன்னை எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவு திட்டினேன். அந்த ஐயா ஒண்ணு விடாம எழுதிக்கிட்டே இருந்தார். டீ ஆறிப்போச்சு. உன் மாமா என் தோளைத் தொட்டார், அப்பவும் நான் நிறுத்தலை.

அந்த அம்மாதான் "போதும்மா"ன்னாங்க. எழுந்து நின்னு ஒரு பெட்டி மேல கையை வச்சு, தூசியைப் பார்த்தாங்க. வாசல்ல செருப்பைப் போடும்போது மெதுவாச் சொன்னாங்க: "முன்கூட்டியே சேதி தெரிஞ்ச வீடு எதுவும் இப்படி இருக்காதும்மா."

அவங்க போன பிறகு அப்படியே உட்கார்ந்துட்டேன். அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

நீ எழுதின அந்தக் கம்பெனி எங்க கடைவீதியிலதான் இருக்கு. போன வாரம் அதுக்குச் சீல் வச்சுட்டாங்க. அந்த முதலாளியோட வீட்டம்மா ஷட்டர் முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க. தெரிஞ்சவங்க எல்லாரும் எதிர்ப்பக்கமா நடந்து போறாங்க. நான் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்தேன். வேற என்ன செய்ய?

என்னைப் பத்தி எனக்குத் தெரியும்டா. அன்னைக்கு நீ ஜாடையா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட, நான் சாப்பிட்ட கையைக் கழுவாம ஓடிப்போய் அத்தனை விண்ணப்பத்தையும் போட்டிருப்பேன். தப்புன்னுகூடத் தோணியிருக்காது. தம்பி சொன்னான், அக்கா செஞ்சேன், அவ்வளவுதான். இன்னைக்கு அந்த ஷட்டர் முன்னாடி நான் நின்னிருப்பேன். நீ எங்க இருந்திருப்பேன்னு நினைக்கவே பிடிக்கலை.

நீ வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கு நன்றிடா. என் வீட்டுல உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கிட்டே அதைச் செய்யறது உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு நான் யோசிக்கவே இல்லை. என் நஷ்டத்தை மட்டும்தான் பார்த்தேன்.

இன்னும் ரெண்டு சேதி. கண் டாக்டர் கூப்பிட்டார். "பாதி மானியமே போதும்மா, வந்து அளவை முடிங்க"ன்னார். அந்த மனுஷனுக்கும் நன்றி. அப்புறம், கூட்டத்துக்குப் போனேன். மைக்கைப் பிடிச்சுப் பேசிட்டேன். "மானியத்தை வீட்டுக்காரங்களுக்குக் குடுக்காதீங்க, சோதனை முடிஞ்ச பிறகு பேனல் போடுற எங்களுக்கு நேராக் குடுங்க. அவங்க மீதியை மட்டும் கட்டட்டும், காத்திருக்கறதை நாங்க காத்திருக்கோம். நாங்க ஓடிடுவோம்னு பயமா இருந்தா எங்ககிட்ட டெபாசிட் வாங்கி வச்சுக்குங்க"ன்னு சொன்னேன். என் தொழில்காரங்களே சிலர் முறைச்சாங்க. மேடை நடுவுல நரைச்ச முடியோட ஒரு அம்மா இருந்தாங்க, முகத்துல ஒரு அசைவு இல்லை. அவங்கதான் உன் இயக்குநரா?

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

* * *

ஜூன் 3

என் அக்காவுக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. என்மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பழைய மேஜைக்குத் திரும்பிவிட்டேன். யாரோ என் நாற்காலியை மாற்றிவிட்டார்கள், இது கொஞ்சம் ஆடுகிறது. பரவாயில்லை.

ஆமாம், அவர்தான் இயக்குநர். என்னை அறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னார். "உங்க அக்கா சொன்னதைப் படிச்சேன். ஒரு அக்கா தம்பியை இவ்வளவு திட்டி நான் எங்கேயும் படிச்சதில்லை. அந்தத் திட்டைப் படிச்ச பிறகு எனக்கு உங்க மேல ஒரு சந்தேகமும் இல்லை" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஜன்னலை உடைச்சது யாரு?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அவர் சிரித்து நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

தெருவிளக்கு அறையில் இருந்த நாட்களில் வேலை போய்விடுமோ என்று பயந்தேன்தான். அதைவிடப் பெரிய பயம், நீ கடைசிவரை என்னோடு பேசாமல் இருந்துவிடுவாயோ என்பது. உன் மே மாதக் கடிதத்தின் நகலைக் கோப்பில் வைக்கும்போது அங்கிருந்த எழுத்தர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். நல்ல மனிதர்.

நீ அன்றைக்கு எனக்காக ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால்கூட நம்பியிருக்க மாட்டார்கள். உன் கோபம்தான் என்னைக் காப்பாற்றியது. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

நாளை அறிவிப்பு வரும். இந்த முறையும் உனக்கு ஒரு நாள் முன்னால் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆகையால் இந்தக் கடிதத்தை நாளை மதியம்தான் தபாலில் போடுவேன். சின்ன வீடுகளுக்கு இனி மானியம் போக மீதிப் பணம் கட்டினால் போதும். சோதனை முடிந்ததும் மானியம் நேராகப் பொருத்துபவருக்கு வரும், பொருத்துபவர் வைப்புத்தொகை கட்டி வைக்க வேண்டும். நீ கேட்டதேதான். இதில் என் பங்கு எதுவும் இல்லை, நான் அப்போது விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நடுத்தர வீட்டுக்காரர்கள் இப்போது எங்களுக்கு என்ன வழி என்று கேட்கிறார்கள். அதையும் பார்க்க வேண்டும். இந்த வேலை முடிவதில்லை.

உத்தரவு விலகிவிட்டது. இனி வரலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

தம்பி

* * *

ஜூலை 8

டேய் தம்பி,

கேட்கவா வேணும்? ஞாயித்துக்கிழமை வா. உன் மருமக இப்பவே உனக்கு ஒரு வேலைப் பட்டியல் போட்டு வச்சிருக்கா. ஹால்ல இப்ப தாராளமா உட்காரலாம். பெட்டி எல்லாம் ஒவ்வொண்ணா சின்ன வீடுகளுக்குப் போயிடுச்சு. பெரிய லாபம்னு சொல்ல முடியாது, ஆனா கை ஓயலை. நெட்டையைத் திரும்பக் கூப்பிட்டேன். அங்கே நல்ல சம்பளமாம், வரலைன்னுட்டான். நல்லா இருக்கட்டும்.

போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா இதை எழுதணும்னு தோணிச்சு.

தையல்காரம்மா வீட்டுக்குப் போன வாரம் பேனல் போட்டோம். ஏணியைச் சாத்தும்போது பெயிண்டர் உள்ளே இருந்து கூப்பிட்டார். "அக்கா, ஒண்ணு கேட்கலாமா? அந்தப் பேனலை என் கட்டிலுக்கு மேல வர்ற மாதிரி போட முடியுமா? வெயில் ஏறினா இந்தத் தகரம் அப்படியே தோசைக்கல்லு மாதிரி ஆயிடுது. என்னால புரண்டுகூடப் படுக்க முடியலை."

கட்டில் இருக்கறது மேற்குச் சரிவுக்குக் கீழே. முன் அறை மேல இருக்கற தெற்குச் சரிவுல போட்டாத்தான் கரண்ட் அதிகமா வரும். உன் மாமா கணக்குப் பார்த்துச் சொன்னார், மேற்குல கொஞ்சம் குறையும்தான்னு. நான் தையல்காரம்மாகிட்ட விளக்கமாச் சொன்னேன். அவங்க முழுசாக்கூடக் கேட்கலை. "குறைஞ்சாக் குறையட்டும்மா, அவருக்கு மேலேயே போடுங்க"ன்னாங்க. காத்து போய் வர்ற மாதிரி தகரத்துக்கு மேல நல்ல இடைவெளி விட்டுச் சட்டத்தை உயர்த்திப் போட்டோம். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், ஏன் மேற்குன்னு கேட்டார். உள்ளே கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். உடனே கையெழுத்துப் போட்டுட்டுப் போனார்.

உங்க மானியத்துல கரண்டுக்குத்தான் கணக்கு இருக்கு, நிழலுக்கு இல்லை. குறை சொல்லலை. தெரிஞ்சு வச்சுக்கோன்னு சொல்றேன்.

நேத்து மத்தியானம் மீட்டரைப் பார்க்கப் போனேன். நல்ல உச்சி வெயில். தெருவுல இருந்தே மெஷின் சத்தம் கேட்கும், நேத்து கேட்கலை. கரண்ட் வரலையோ, நம்ம வேலையில ஏதோ கோளாறோன்னு எனக்குப் பயம் வந்துடுச்சு. வேகமா உள்ளே நுழைஞ்சேன்.

தையல்காரம்மா வாயில விரலை வச்சு, ஷ்... னு காட்டினாங்க. மீட்டர்ல பச்சை விளக்கு எரியுது. ஃபேன் ஓடுது. அவங்க துணியை மடியில போட்டுக்கிட்டு ஊசியால கையிலேயே தைச்சுக்கிட்டு இருந்தாங்க. கரண்ட் இருக்கு, மெஷின் இருக்கு, ஏன் கையால தைக்கறீங்கன்னு நான் ஜாடையில கேட்டேன்.

உள் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாங்க. பெயிண்டர் மல்லாந்து படுத்து நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தார். "விழுந்த நாள்ல இருந்து பகல்ல கண்ணே மூடினதில்லைம்மா. மெஷின் ஓடினா முழிச்சுடுவார்"னு என் காதுல சொன்னாங்க. அப்புறம், "இந்த மானியத்தை மாத்தினது யாரும்மா? நன்றி சொல்லணும்னா யாருக்குச் சொல்றது?"ன்னு கேட்டாங்க.

நிறையப் பேர்னு சொன்னேன். அதுல என் தம்பியும் ஒருத்தன்னு சொன்னேன். கண் டாக்டர் வீட்டு மாடியில நடந்ததுக்கு அப்புறம் உன்னைப் பத்தி எந்த வீட்டுலயும் நான் பேசறதில்லை, உனக்குத் தெரியாது. நேத்து சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன், அவர் தூங்கறார் இல்லையா.

அப்புறம் சத்தம் வரக் கூடாதுன்னு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சுடுற தெருவுல நாலு வீடு தள்ளிப் போய்த்தான் போட்டேன்.

அக்கா